சிறையில் இருக்கும் தம்பியை டிகிரி படிக்க வைப்பது எப்படி?

தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். என் தம்பி மதுரை மத்திய சிறையில் ஆயுள் தண்டனைக் கைதி. உள்ளே இருந்தே பி.ஏ. முடித்து, இப்போது எம்.ஏ. படிக்கிறான். பாம்பன், மண்டபம் பக்கம் பிள்ளை உள்ளே இருக்கிற வீட்டுக்காரர்கள் "ஒங்க தம்பி எப்படிப் படிச்சாரு?" என்று கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிப்பதும் பரீட்சை எழுதுவதும் உள்ளே இருப்பவர் வேலை. மற்றதெல்லாம் வெளியேதான் நடக்கிறது. அதனால் வீட்டில் ஒருவர் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எந்தப் படிப்பு என்று யோசிப்பதற்கு முன்னால் சான்றிதழைத் தேடுங்கள். பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், டி.சி., ஆதார், போட்டோ எல்லாம் வேண்டும். நம் பக்கம் ஓட்டு வீட்டில் மழைத் தண்ணீர் புகுந்து காகிதம் போன கதை நிறைய. அப்படியானால் படித்த பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, மார்க் ஷீட்டின் மறுபிரதிக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். அது கைக்கு வர நாளாகும்.

அடுத்தது போன் நம்பர். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்), டெப் ஐடி (யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிந்து வாங்கும் எண்) இரண்டும் கட்டாயம். இவற்றை எடுக்கும்போது ஆதாரோடு இணைத்த நம்பருக்கு ஓடிபி வரும். உள்ளே இருப்பவரிடம் போன் கிடையாது. அவருடைய பழைய சிம் உங்களிடம் இருந்தால் ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள். பல வீடுகளில் காரியம் நிற்பது இந்த இடத்தில்தான்.

பிறகு மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்கப் போகும்போது, "படிக்க விரும்புகிறேன்" என்று கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். சிறை நல அலுவலரையும் ஆசிரியரையும் நீங்களே கேட்டுப் பாருங்கள். மரியாதையாக, விடாமல் கேளுங்கள். படிப்பு என்று சொன்னால் அவர்கள் முகம் கொடுத்துப் பேசுவார்கள். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சிறைவாசிகளிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பம் சிறை வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன பையன் என்றால் அவசரப்படாதீர்கள். தனித்தேர்வராகப் பத்து, பிறகு பன்னிரண்டு, அப்புறம் டிகிரி. குறுக்கு வழி சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

தமிழ் வழியில் படித்தவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நல்லது. ஆங்கிலம் ஓரளவு வாசிப்பவர் இக்னோ போகலாம். உள்ளே போனவர்களில் பலர் முதலில் கேட்பது வக்கீல் படிப்பு. அதைத் தொலைநிலையில் படித்தால் பார் கவுன்சில் ஏற்காது என்று ஆரம்பத்திலேயே எடுத்துச் சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டர் படிப்பும் முடியாததல்ல. பேரறிவாளன் சிறையில் இருந்தபடியே இக்னோவில் பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடித்தார். ஆனால் செய்முறைக்கு அந்தச் சிறையில் வசதி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். தமிழ், வரலாறு போன்ற பாடங்களுக்குப் புத்தகமும் பேனாவும் போதும்.

ஜூலை சேர்க்கை நம்மவர்களுக்கு வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், வீட்டு ஆண்களும் சும்மா இருப்பார்கள். காகித வேலையையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள். மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து அரப்பாளையம் பக்கம் புது ஜெயில் ரோட்டுக்குப் போய்வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும். ஒரு பயணத்தில் மனு, நல அலுவலர், மதுரை இக்னோ மண்டல மையம் மூன்றையும் பார்க்கிற மாதிரி கிளம்புங்கள்.

சேர்ந்த பிறகு பெரிய வேலை அசைன்மென்ட். இக்னோவில் பெரும்பாலான பாடங்களுக்கு அசைன்மென்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும். கேள்விகளை இணையத்தில் இறக்கிப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். பதிலை அவரே கையால் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்து உதவ நினைக்காதீர்கள். இரவு செல்லில் அடைத்த பிறகு, மனம் கண்ட இடத்துக்கும் போகிற நேரத்தில், அந்தத் தாள்தான் அவருக்குத் துணை. அனுப்புவதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரும்படி சிறை ஆசிரியரிடம் கேளுங்கள். அனுப்பிய ரசீதையும் வாங்கி வையுங்கள்.

பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் வரும். பரோல் கேட்கும்போது அந்தத் தேதிகளைத் தவிர்த்துக் கேளுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு விஷயம். ஒரு தாள் போனாலும் பாதகமில்லை, அடுத்த முறை எழுதலாம். மூன்று வருட பி.ஏ.வை முடிக்க இக்னோ ஆறு வருடம் வரை தருகிறது.

விசாரணைக் கைதியாக ராமநாதபுரம் மாவட்டச் சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் என்றைக்கு வரும் என்று தெரியாது. அவர் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பில் தொடங்கலாம். சிறை மாறினாலும் விடுதலையானாலும் படிப்பு அறுந்து போகாது. பதிவெண் அதேதான். முகவரியையும் படிப்பு மையத்தையும் மாற்றித் தரச் சொல்லி மண்டல மையத்துக்கு எழுதுங்கள். அந்தப் பதிவெண்ணை வீட்டில் இரண்டு பேராவது குறித்து வைத்திருங்கள்.