ஆல்டர்னேட்டரை மாற்றாமல் தப்பித்தேன்

இரவில் கார் ஓட்டும்போது ஹெட்லைட் மங்குவதும் தெளிவதுமாக இருந்தது. இரண்டு நாளில் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரிதான் போச்சு என்று புதுசு வாங்கிப் போட்டேன். தண்டச் செலவு. மறுநாள் மாலைக்குள் அதுவும் இறங்கிவிட்டது.

பட்டறையில், "ஆல்டர்னேட்டரையே மாற்றணும்" என்றார்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி அது. சொன்ன தொகையைக் கேட்டதும், யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அவர்கள் மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை என்பது உறுத்தியது.

வீட்டில் மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். எனக்கு 12.1. பெல்ட் இறுக்கமாகவே இருந்தது, ஒயர்களும் சரி. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரை இறக்கினேன். (என் வண்டியில் அது மேலாக இருந்தது அதிர்ஷ்டம். சில கார்களில் அடியில் புதைந்திருக்கும், கூலியே ஏறிவிடும்.)

ஆட்டோ எலக்ட்ரீஷியன் பின்மூடியைத் திறந்ததும் சிரித்தார். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து துண்டாகக் கிடந்தன. உள்ளே சுழலும் ரோட்டர் சுருளுக்கு மின்சாரம் தருவதே அந்தப் பிரஷ்கள்தான். அவை தொடாவிட்டால் காந்தப்புலம் இல்லை, சார்ஜும் இல்லை. பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங், டையோடு, பேரிங் எல்லாம் நன்றாக இருந்தன. பிரஷ்ஷோடு சேர்ந்த, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மட்டும் மாற்றினார். பட்டறையில் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சுருள் கருகியிருந்தால் நானும் முழுசாகத்தான் மாற்றியிருப்பேன், அதுவும் வாரண்டியுள்ள ரீகண்டிஷன் செய்ததாக. இப்போது மீட்டர் 14.2 காட்டுகிறது.