ராத்திரி மாடிக்கு போனா போனை கீழயே வெச்சிட்டு போங்க

டிசம்பர், ஜனவரில எட்டு மணி வாக்குல மொட்டை மாடிக்கு போய் 20 நிமிஷம் சும்மா உக்காருங்க. கண்ணு இருட்டுக்கு பழகவே அவ்ளோ நேரம் ஆகும், நடுவுல ஒரு தடவை போன் வெளிச்சம் பட்டாலும் திரும்ப முதல்ல இருந்துதான், அதனாலதான் கீழயே வெச்சிட்டு வர சொல்றேன். கிழக்கு பக்கம் வரிசையா மூணு நட்சத்திரம் தெரியும். அதே கோட்டுல மேல போனா கொஞ்சம் சிவப்பா ரோகிணி, இன்னும் மேல போனா புகை மாதிரி ஒரு சின்ன கொத்து, அதான் நம்ம கார்த்திகை!

இப்ப அதை நேரா பாக்காதீங்க, கொஞ்சம் பக்கத்துல பாத்து ஓரக்கண்ணால கவனிங்க. சட்டுனு இன்னும் பளிச்சுனு ஆகும். மங்கலான வெளிச்சத்தை புடிக்கிற செல்லு கண்ணோட நட்டநடுவுல இல்ல, சுத்தி ஓரத்துலதான் ஜாஸ்தி, அதான் விஷயம். எனக்கு இது தெரிஞ்சப்புறமும் ஒவ்வொரு தடவையும் மேஜிக் மாதிரிதான் இருக்கு.

நீங்க பாக்குற கார்த்திகையோட வெளிச்சம் அங்கருந்து கிளம்பி சுமார் 440 வருஷம் ஆச்சு, அப்ப மதுரைல நாயக்கர் ஆட்சி.

குழந்தைங்கள கூட்டிட்டு போனா உடனே விளக்கம் சொல்லிடாதீங்க ப்ளீஸ், அந்த கொத்துல எத்தனை நட்சத்திரம் தெரியுதுனு மட்டும் கேளுங்க. ஒருத்தர் ஆறும்பாங்க, இன்னொருத்தர் ஏழும்பாங்க, சண்டை வரும், வரட்டும்.