மயக்க மருந்து ஆபத்தைக் கண்டறியும் தசைப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போன ஆபரேஷனில் ஒன்றும் ஆகவில்லையே" என்று குடும்பக் கதையை டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு. மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவருக்கு இரண்டு மூன்று முறை மயக்கம் கொடுத்தும் எதுவும் நேராமல், அடுத்த முறை தசை விறைத்து உடல் கொதிக்கலாம். 1960இல் மெல்பர்னில் டென்பரோ, லவல் என்ற டாக்டர்கள் முதன்முதலில் விவரித்த இளைஞர், முறிந்த காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். அவருடைய சொந்தத்தில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள்.

அடுத்தது, மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுவது. இந்தக் கோளாறோடு தொடர்புள்ள ஆர்.ஒய்.ஆர்.1 என்ற மரபணுவில் தெரிந்த பிழை கிடைத்தால் நோய் உறுதி. கிடைக்காவிட்டால்? ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்குத் தசைதான் சாட்சி.

பிரிட்டனில் இந்தத் தசைச் சோதனைக்கு லீட்ஸ் நகரத்துக்குப் போக வேண்டும். தொடையில் வெட்டியெடுத்த தசை இழைகளை 37 டிகிரி திரவத்தில் தொங்கவிட்டு, மின்சாரத்தால் துடிக்கவைத்து, ஹாலோதேன் என்ற மயக்க ஆவியையும் காஃபினையும் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். கோளாறுள்ள தசை குறைந்த அளவிலேயே இறுகிவிடும். தசை உயிரோடு இருக்கும் சுமார் ஐந்து மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அதனால் தசையைப் பார்சலில் அனுப்பலாம் என்ற யோசனையே வேண்டாம், ஆள்தான் போக வேண்டும். மரத்துப்போகும் ஊசியைத் தசைக்குள்ளேயே போட்டாலும் முடிவு கெட்டுவிடும், தொடை நரம்பைத்தான் மரக்கவைப்பார்கள். ஆபத்து நேர்ந்த கையோடு சோதிப்பதும் வீண். அடிபட்ட தசை தேறச் சில மாதங்கள் ஆகும். சின்னப் பிள்ளைகளுக்குத் தசை எடுப்பதில்லை. முதலில் பெற்றோரைச் சோதிக்கலாம். அதுவரை பிள்ளைக்கும் ஆபத்து உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவு பாசிட்டிவ் என்றால் "இவருக்கு மயக்க மருந்தே ஆகாது" என்று கோப்பில் எழுதிவைப்பார்கள் சிலர். எரிச்சலாக வரும். ஆகாதவை செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற ஆவி மருந்துகளும் தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியமும்தான். நரம்பில் ஏற்றும் புரோப்போஃபால், நைட்ரஸ் ஆக்சைடு வாயு, முதுகில் போடும் ஊசி, பல் டாக்டர் போடும் ஊசி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கோப்பில் மருந்துப் பெயர்களையே எழுதச் சொல்லுங்கள். அப்புறம், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.