முட்டைக்கோழிக்கு மருந்து கொடுக்கும்போது எங்கே தவறுகிறோம்?

நாமக்கல் பக்கம் முட்டை கொஞ்சம் குறைந்தாலே தண்ணீர்த் தொட்டியில் ஆன்டிபயாடிக் கலக்கிற பண்ணைகள் உண்டு. தவறு அங்கேயே தொடங்குகிறது. முட்டை குறைய வெயில் காரணமாக இருக்கலாம், தீவனமாகவும் இருக்கலாம். வெள்ளைக் கழிச்சலாக இருந்தால் அது வைரஸ் நோய், ஆன்டிபயாடிக்கால் பயனே இல்லை. ஆனால் குடலில் சும்மா கிடந்த ஈ.கோலை என்ற பாக்டீரியா மீது அந்த மருந்து படுகிறது. சாகாமல் தப்பியவை பெருகுகின்றன. தப்பிக்கிற மரபணுவைப் பக்கத்திலிருக்கும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமிக்கும் கைமாற்றிவிடும், அதுதான் வம்பு.

செத்த கோழியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு ஆய்வகத்துக்கோ கொண்டுபோய், கிருமி எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதே முறை. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்தான். அதுவரை என்ன செய்வது என்பதை டாக்டர் சொல்லட்டும், மருந்துக்கடைக்காரர் வேண்டாம்.

அளவிலும் கோட்டை விடுகிறோம். கோழியின் எடையைப் பார்க்காமல் தொட்டியின் கொள்ளளவைப் பார்த்துக் கலக்கிறோம். முட்டை ஓட்டுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் கால்சியம் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உப்புத்தண்ணீர் போர்வெல்லும் அதே வேலையைச் செய்யும். போட்ட மருந்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. கழிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்துவதும் இதே ரகம்: கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடுகிறோம்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடவே கூடாது. வேறு மருந்து கேட்காத நோயாளிக்கு மருத்துவமனையில் கடைசியாகக் கொடுப்பது அது. கிருமியை அதற்கும் அடங்காததாக்கி, கிருமிக்குக் கிருமி தாவும் மரபணு 2015இல் சீனாவில் தெரியவந்தது. 2019இல் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. பழைய டப்பா ஷெட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

முட்டை வாங்குபவர்களுக்கும் ஒரு குழப்பம் உண்டு. முட்டையில் தங்கும் மருந்தின் மிச்சம் வேறு, மருந்துக்கு அடங்காத கிருமி வேறு. மருந்தை நிறுத்தியபின் அந்த மிச்சம் போவதற்காகக் காத்திருக்கும் நாட்கள் முடிந்தாலும் கிருமி ஓட்டின் மேல் இருக்கலாம். நன்றாக வேகவைத்தால் அது செத்துவிடும். ஆஃப் பாயிலில் அந்த உறுதி கிடையாது, முட்டையைத் தொட்ட கையோடு தக்காளி நறுக்கினாலும் கிடையாது.

கோழி எருவைப் பச்சையாக வயலில் கொட்டுவதை மட்டும் யாரும் தவறாகவே நினைப்பதில்லை. மரவள்ளிக்கோ மஞ்சளுக்கோ போடுமுன் குவித்து, சூடேற மக்கவிட்டால் கிருமி பெரும்பாலும் குறைந்துவிடும். கீரைப் பாத்திக்குப் பச்சை எரு வேண்டவே வேண்டாம்.