சமர்கந்து, புகாரா, கீவா: போகுமுன்னே செய்துவிடும் தவறுகள்

தாஷ்கந்தில் இறங்கி அன்றே சமர்கந்து, மறுநாள் புகாரா, அதற்கடுத்த நாள் கீவா, அங்கிருந்து அலறியடித்துக்கொண்டு திரும்பவும் தாஷ்கந்து. உஸ்பெகிஸ்தானுக்கு ஐந்து நாள் திட்டம் என்று கைக்கு வரும் தாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். என் முதல் பயணத் தாளும் இதேதான். இந்தப் பயணத்தில் நேரும் தவறுகளில் முக்கால்வாசி, வீட்டில் உட்கார்ந்து நாள் பிரிக்கும்போதே நடந்துவிடுகின்றன.

வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். தாஷ்கந்து கிழக்கே, கீவா மேற்கு மூலையில். நடுவில் சமர்கந்தும் புகாராவும். புகாராவுக்கும் கீவாவுக்கும் இடையே மட்டும் சுமார் 450 கிலோமீட்டர், பெரும்பகுதி கிசில்கும் பாலைவனம். ஒவ்வொரு ஊராக மேற்கே போய்விட்டு மொத்தத் தூரமும் திரும்பி வருவதுதான் நாளைத் தின்னும். முதலிலேயே தாஷ்கந்திலிருந்து உர்கெஞ்சுக்கு உள்நாட்டு விமானத்தில் போய், பக்கத்திலிருக்கும் கீவாவைப் பார்த்துவிட்டு, ரயிலில் கிழக்கே வாருங்கள். கீவாவுக்கு ஓர் இரவு, சமர்கந்துக்கு இரண்டு, புகாராவுக்கு மூன்று என்பது என் கணக்கு. ஏஜென்டுகள் சமர்கந்துக்குத்தான் கூடுதல் நாள் போடுவார்கள். ஆனால் அங்கே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு டாக்சி பிடிக்க வேண்டும். புகாராவின் பழைய நகரமோ நடந்தே சுற்றுகிற ஊர்.

அஃப்ரோசியாப் என்ற அதிவேக ரயில் தாஷ்கந்திலிருந்து சமர்கந்துக்கு இரண்டே கால் மணி நேரத்தில் போய்விடும். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும், போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தாஷ்கந்தில் வடக்கு, தெற்கு என்று இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று படிக்காமல் நான் ஒருமுறை தப்பான நிலையத்தில் பெட்டியோடு நின்றேன். ரயில் போயே போச்சு, மெதுவாகப் போகும் வண்டியில்தான் அன்று இடம் கிடைத்தது.

"நாம பார்க்காத வெயிலா" என்று ஜூலையில் கிளம்புகிறவர்களும் உண்டு. ஜூன் கடைசியிலிருந்து வரும் நாற்பது நாள் கடும் வெயிலுக்கு அங்கே 'சில்லா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்பது டிகிரி சாதாரணம். சமர்கந்தின் நடுவில், மூன்று மதரஸாக்கள் சூழ்ந்த ரெகிஸ்தான் சதுக்கத்தில் ஒதுங்கி நிற்க நிழல் கிடையாது.

இனி, பார்க்கும் விதம். நீலக் குவிமாடங்களைப் பார்த்து "அறுநூறு வருஷமா அப்படியே இருக்கு" என்று வியக்காதவர் குறைவு. அப்படியே இல்லை. தைமூர் 1398-இல் டெல்லியைச் சூறையாடித் திரும்பியதும் சமர்கந்தில் கட்டத் தொடங்கிய பீபி கானும் மசூதி காலப்போக்கில் சிதிலமாகி, 1897 நிலநடுக்கத்தில் மேலும் இடிந்தது. இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி சோவியத் காலத்திலும் அதற்குப் பின்னும் எழுப்பியது. ரெகிஸ்தானில் தில்லாகாரி மதரஸாவின் நீலக் குவிமாடமும் இருபதாம் நூற்றாண்டு வேலை. அதே சதுக்கத்தில் உலுக் பெக் மதரஸாவின் சாய்ந்த மினார் ஒன்றை 1932-இல் ருஷ்யப் பொறியாளர் ஷுகோவ் நிமிர்த்தி வைத்தார். இதெல்லாம் தெரிந்தால் அழகு குறையாது. எது பழைய ஓடு, எது புது ஓடு என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும். கலப்படமில்லாத பழமைதான் வேண்டுமென்றால் புகாராவில் இருக்கும் சாமானித் அரச வம்சத்தின் கல்லறைக்குப் போங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது, ஓடே கிடையாது. வெறும் செங்கல்லைப் பாய் பின்னுவதுபோல் அடுக்கியிருக்கிறார்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள்: நிழல் விழும் பக்கம் மாற, சுவரும் வேறாகத் தெரியும்.

சமர்கந்தில் தைமூரின் சமாதியான கூர் எமிரில் கரும்பச்சை ஜேட் கல்லைப் படமெடுத்துக்கொண்டு "இதற்குக் கீழே தைமூர்" என்று சொல்கிறோம். மேலே இருப்பவை அடையாளக் கற்கள்தான், உண்மையான கல்லறைகள் அடியில் நிலவறையில். 1941 ஜூனில் சோவியத் ஆய்வாளர் கெராசிமோவ் குழு திறந்தது அவற்றைத்தான். நமக்குத் தைமூர் டெல்லியை அழித்தவர். அங்கே 'அமீர் தெமூர்', நாட்டின் நாயகர், தாஷ்கந்தின் நடுவில் குதிரைமேல் சிலையாக நிற்பவர். நொண்டி என்ற பொருள் தரும் 'தைமூர்லங்' என்ற பெயரை வழிகாட்டி முன்னால் சொல்லாமல் இருப்பது நல்லது.

சமர்கந்தில் கல்லறை மாடங்கள் வரிசையாக நிற்கும் ஷாஹி ஜிந்தாவைப் படப்பிடிப்புத் தளமாக நினைப்பது இன்னொரு பிழை. நபிகளின் உறவினர் குசம் இப்னு அப்பாஸின் நினைவிடம் அங்கிருப்பதால் ஜனங்கள் இன்றும் வேண்டிக்கொள்ள வருகிறார்கள். யாராவது ஓத ஆரம்பித்தால் சுற்றியிருப்பவர்கள் உட்கார்ந்து கையேந்துவார்கள். நாமும் கேமராவை இறக்கிவிட்டு நிற்க வேண்டியதுதான். புகாராவின் மீர் அரப் மதரஸாவில் இப்போதும் மாணவர்கள் படிக்கிறார்கள், முன்கூடத்தைத் தாண்டி விடமாட்டார்கள். மல்லுக்கு நிற்க வேண்டாம், திரும்பினால் எதிரிலேயே 1127-இல் எழுந்த கல்யான் மினார்.

சாப்பாட்டில் நம்மவர்கள் செய்யும் தவறு, புலாவை ராத்திரிக்குத் தள்ளுவது. அது மதியச் சாப்பாடு. பெரிய கசான் கொப்பரையில் காலையிலேயே ஏற்றி இறக்குவார்கள், நல்ல கடைகளில் பிற்பகலில் கொப்பரை காலி. சைவர்கள் 'கோஷ்த்சிஸ்', அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொன்னால் போதும் என்று நம்பிவிடக் கூடாது. துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பைத் தருவார்கள். நம் சமோசாவின் உறவான சோம்சாவில் பூசணி வைத்தது உண்டு. அதிலும் ஆட்டுக் கொழுப்பு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். தக்காளி வெங்காய சாலடும் ரொட்டியும் கைவிடாது. அந்த ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடாதீர்கள். நடுவில் அச்சுக் குத்திய முகம் எப்போதும் மேலே பார்த்திருக்க வேண்டும்.

சுசானி பூவேலைத் துணி வாங்கினால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கைவேலையில் துணித்துண்டுகளைத் தனித்தனியாகப் பூ போட்டுப் பிறகு இணைப்பது வழக்கம், ஆகையால் தைத்த இடத்தில் கோலம் கொஞ்சம் பிசகும். பிசகே இல்லாமல் எல்லாப் பூவும் அச்சாக இருந்தால் மெஷின். "நூறு வருஷப் பழசு" என்று விற்றால் அது வேறு சிக்கல்: ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை அனுமதிச் சான்று இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது.

சமர்கந்திலும் புகாராவிலும் வீடுகளில் பேசுவது பெரும்பாலும் தாஜிக். உஸ்பெக் வாக்கியங்களை உருப்போட்டு வந்து புரியாமல் விழிக்க வேண்டாம், 'ரஹ்மத்' என்ற நன்றி எல்லா ஊரிலும் செல்லும். வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தால் பியாலா என்ற கிண்ணத்தில் பாதிகூட இருக்காது. கஞ்சத்தனம் என்று நான் நினைத்தேன். கொஞ்சமாக ஊற்றுவதுதான் மரியாதை, மறுபடி மறுபடி ஊற்ற வீட்டுக்காரருக்கு வாய்ப்பு வேண்டுமே. ததும்ப ஊற்றினால்தான், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.