சனி சறுக்கு, ஞாயிறு வெந்நீர்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த, தென் கொரியாவின் யொங்பியொங் சறுக்குத் தளத்தின் பல்வாங்சான் மலை, உச்சியோடு சேர்த்தே 1,458 மீட்டர்தான். ஹட்டனில் என்னிடம் கொரிய மொழி படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், ‘அப்படியென்றால் அந்தக் குளிர் நமக்குப் பழக்கம்தானே, சேர்’ என்கிறார்கள். பழக்கமில்லை, தம்பிமாரே. நம்முடையது ஈரக் குளிர்; ஒரு கம்பளியும் ஒரு பிளேன் டீயும் இருந்தால் சமாளிக்கலாம். கொரியாவின் ஜனவரியில் வீசுவது சைபீரியாப் பக்கத்திலிருந்து வரும் வறண்ட காற்று. மலைப்பகுதியில் இரவு வெப்பநிலை மைனஸ் 15 பாகைக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. உதடு வெடிக்கும், கைபேசியின் பட்டரி பாதி நாளிலேயே படுத்துவிடும்.

கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய், சனியும் ஞாயிறும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு பனிச்சறுக்கும் வெந்நீரூற்றுக் குளியலும் பார்க்க ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கு என் முதல் அறிவுரை: பெயர் பெற்ற மலையைத் தேடி ஓடாதீர்கள். சறுக்குமிடமும் வெந்நீரூற்றும் ஒரே திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். யொங்பியொங்குக்குச் சியோலிலிருந்து ரயிலேறி ஜின்புவில் இறங்கலாம், ஒன்றரை மணி நேரம் போலத்தான் ஆகும். ஆனால் அங்கே சறுக்கிவிட்டு, கடலோரமாகச் சொக்சோவின் வெந்நீர்க் குளியலுக்கும் போகப் பார்த்தால் பாதி விடுமுறை பஸ்ஸிலேயே கழியும். மூன்று நாள் கிடைக்கும்போது அதைச் செய்யுங்கள்.

இரண்டு நாளுக்கு நான் சொல்வது, சியோலுக்குத் தென்கிழக்கே இருக்கும் இச்சொன் பக்கம். பங்கியோவிலிருந்து யொஜு வரை ஓடும் மெட்ரோ ரயில் கொன்ஜியாமிலும் இச்சொனிலும் நிற்கிறது. கொன்ஜியாம், ஜிசான் என்று இரண்டு சறுக்குத் தளங்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன. இச்சொனிலேயே டெர்மெடன் என்ற வெந்நீரூற்றுக் குளியலிடமும் இருக்கிறது. அன்சானிலோ ஹ்வாசொங்கிலோ வேலை செய்பவர் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் பனியில் நிற்கலாம். தெற்கே இருப்பவர்களுக்கு முஜுவில் சறுக்கு, தேஜொனின் யூசொங்கில் வெந்நீர். யூசொங்கில் தெருவோரமாகக் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி உண்டு, காசு கேட்க மாட்டார்கள்.

காலம் முக்கியம். டிசம்பர் தொடக்கத்தில் பல தளங்கள் அரைகுறையாகத்தான் திறந்திருக்கும். பிப்ரவரி முடிவில் பகலில் பனி கூழாகி, இரவில் கண்ணாடியாக இறுகும். ஜனவரி நடுப்பகுதி நல்லது. கொரியப் புத்தாண்டு விடுமுறையில் மட்டும் போகாதீர்கள், முழு நாடும் அங்கேதான் நிற்கும்.

சனிக்கிழமை காலையில் மேலதிக வேலை வந்தாலும் கவலையில்லை. சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான டிக்கெட்டை மணிக்கணக்கிலோ, காலை, பிற்பகல், இரவு என்று பகுதியாகவோ விற்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் இரவுச் சறுக்கு அங்கே சாதாரணம். லிஃப்டும் பொருள் வாடகையும் சேர்ந்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்கினால் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். மேலுடை, காற்சட்டை, சப்பாத்து, பலகை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கையுறையையும் கண்ணாடியையும் பெரும்பாலும் நீங்களே வாங்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் உறைந்து தகடாகிவிடும். காலுறை தடிப்பாக ஒரே ஒரு சோடி போதும். இரண்டு போட்டால் கால் மரத்துப்போகும்.

இனிச் சரிவு. இதில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. முதுகில் கொழுந்துக் கூடையோடு செங்குத்தான மலையில் இறங்கும்போது உடல் தானாக மேட்டுப் பக்கம் சாயும். நம் அம்மாமாரைக் காலமெல்லாம் விழாமல் காத்தது அந்தச் சாய்வுதான். பலகையில் ஏறிய பிறகு அதுவே எதிரி. பின்னால் சாய்ந்தால் பலகை வேகம் பிடிக்கும், சொன்ன பேச்சுக் கேட்காது. முழங்காலை மடக்கி, முன்காலெலும்பு சப்பாத்தின் முன்பக்கத்தில் அழுந்தும்படி பள்ளத்தை நோக்கிச் சாயுங்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் சாயுங்கள். பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்புறத்தை அகட்டினால் வேகம் குறையும். முதல் நாளில் வேறெதுவும் கற்க வேண்டாம். நிறுத்த வராதவரை தொடக்கநிலைச் சரிவைவிட்டு மேலே ஏறாதீர்கள். உச்சியில் படம் எடுக்கும் ஆசையில் போய், இறங்கும்போது அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒற்றைப் பலகை, அதாவது ஸ்னோபோர்ட், பார்க்க அழகு. ஆனால் புதியவர் அதில் விழும்போது கையைத்தான் ஊன்றுவார். மணிக்கட்டு உங்களுக்குச் சம்பளம் தரும் உறுப்பு, தள்ளியே இருங்கள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நம் வழக்கம். இந்தப் பயணத்தில் குளியலை ஞாயிற்றுக்குத் தள்ளுங்கள். சறுக்குக்கு முன் வெந்நீரில் ஊறினால் கைகால் தளர்ந்துவிடும், ஈரத்தலை வெளியே வந்ததும் உறையும். சனி இரவு ஜிம்ஜில்பாங்கில், அதாவது இரவில் தங்கவும் விடும் கொரியப் பொதுக் குளியலகத்தில், படுத்தால் அறை வாடகை மிச்சம். பாய் மெல்லியது, குறட்டைக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் சூடான தரை உடம்பு வலியைப் பாதியாக்கும்.

ஒரு சங்கடத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். பீலியடியில் சாரத்தைக் கட்டிக்கொண்டு குளித்து வளர்ந்தவர்கள் நாம். கொரியக் குளியலறையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம், ஆனால் உள்ளே யாருக்கும் துணியில்லை. முதல் சில நிமிடங்கள்தான் கூச்சம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முடியவே முடியாதென்றால், டெர்மெடன் போன்ற இடங்களில் நீச்சலுடையோடும் தொப்பியோடும் இறங்கும் பொதுக் குளம் தனியாக உண்டு. எங்கேயானாலும் முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்குங்கள். சிறு துண்டை நீரில் நனைக்காமல் தலையில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள், மது அருந்திவிட்டு இறங்காதீர்கள்.

சறுக்கப் பணமில்லாத மாதத்தில் வெந்நீர் மட்டும் போதுமென்றால் ஒன்யாங்குக்குப் போங்கள். சியோல் மெட்ரோவின் முதலாம் வழித்தடமே அங்கு போகிறது. பத்தாயிரம் வொன் தாளில் இருக்கும் சேஜோங் மன்னர் 1433 இல் உடல்நலம் தேடி வந்து தங்கிய ஊர் அது.

ஞாயிறு மாலை சியோலை நோக்கும் பெருந்தெரு அடைத்துக்கொள்ளும். முடிந்தவரை ரயிலில் திரும்புங்கள், தூரப் பயணமென்றால் போகும்போதே டிக்கெட் எடுத்துவிடுங்கள். இன்னொன்று: விடுமுறையில் சறுக்கி விழுந்து வரும் காயம் தொழில் விபத்துக் காப்புறுதியில் சேராது. மருத்துவமனைக்குச் சுகாதாரக் காப்புறுதியோடு போக வேண்டும், மீதிச் செலவு உங்கள் கையிலிருந்துதான். கால் நடுங்கத் தொடங்கினால், டிக்கெட்டில் இன்னும் ஒரு மணி நேரம் மீதியிருந்தாலும் பலகையைக் கழற்றிவிடுங்கள்.