'க்வோ வாடிஸ், ஐடா?' படம் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2020-இல் வந்த இந்த போஸ்னியப் படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "அங்கே ரெண்டு மதத்துக்கும் காலங்காலமா பகை போல" என்றார். தொலைவிலிருந்து பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான்.

படத்தின் பின்னணி இது: 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில், கிறிஸ்தவர்களான போஸ்னிய செர்பியர்களின் படை 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. கொன்றவர்களும் இறந்தவர்களும் பேசியது கிட்டத்தட்ட ஒரே மொழி. சப்டைட்டிலில் நமக்கு இது பிடிபடாது. ஐடா போருக்கு முன் பள்ளி ஆசிரியை, இப்போது ஐ.நா. முகாமில் மொழிபெயர்ப்பாளர். துப்பாக்கியோடு வரும் ஒரு செர்பியச் சிப்பாய் அவரை அடையாளம் கண்டு வணக்கம் சொல்கிறான். அவரிடம் படித்தவன். மகனைப் பற்றிக் கேட்கிறான். நலம் விசாரிக்கிறானா, ஆள் எங்கே என்று தேடுகிறானா? எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றுவிட்டது. இதைக் 'காலங்காலப் பகை' என்று சொல்லிவிட்டால், திட்டம் போட்டவர்கள், உத்தரவு கொடுத்தவர்கள், ஆட்களை ஏற்றிப்போக பஸ்களை வரவழைத்தவர்கள் எல்லோரும் தப்பிவிடுகிறார்கள்.

அதற்காக செர்பியர் எல்லோரையும் வில்லனாக்குவதும் சரியில்லை. ஐடாவாக நடித்த யாஸ்னா ஜுரிச்சிச் செர்பியாவைச் சேர்ந்தவர்தான்.

அடுத்தது, "சினிமாதானே" என்று தள்ளிவிடுவது. ஐடா கற்பனைப் பாத்திரம். ஆனால் போஸ்னிய செர்பியப் படையின் தளபதி ராட்கோ மிலாடிச் நிஜம். கேமராவோடு வந்து குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்ததும் நிஜம். 2017-இல் ஐ.நா. அமைத்த போர்க்குற்றத் தீர்ப்பாயம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2021-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. நடந்ததை மறுப்பவர்கள் போஸ்னியாவிலேயே இன்றும் இருப்பதால், எது கற்பனை, எது நிஜம் என்று பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம்.

அந்த முகாமில் காவல் இருந்த டச்சு (நெதர்லாந்து) ஐ.நா. வீரர்களை வெறும் கோழைகள் என்று முடித்துவிட வேண்டாம். அவர்கள் கேட்ட விமானத் தாக்குதல் உதவி போதுமான அளவில் வரவே இல்லை. ஆனாலும் முகாமிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட சுமார் 350 ஆண்களின் சாவில் நெதர்லாந்து அரசுக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2019-இல் சொன்னது.

அப்புறம், நம் வலி. ஸ்ரெப்ரெனிட்சாவை 1993-இல் ஐ.நா. 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்திருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் 2009 இலங்கைப் போரின் 'பாதுகாப்பு வலயம்' நினைவுக்கு வராத தமிழர் இருக்க மாட்டார். வரட்டும். ஆனால் படம் ஓடும்போதே இங்கே யார் அவர்கள், யார் நாம் என்று பொருத்திக்கொண்டிருந்தால் ஐடாவின் முகம் கைநழுவிப் போகும். ஒப்பிடுவதைப் படம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் கடைசிப் பள்ளிக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். மேடையில் குழந்தைகள் கண்ணைப் பொத்திப் பொத்தித் திறக்கிறார்கள். முதல் தடவை நான் அவர்களை மட்டுமே பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பெற்றோரையும் ஒவ்வொருவராகப் பாருங்கள்.